பேய் வருகைப் பதிவேடு

"அத்தை பொய் சொல்லிட்டாங்க" என்று பொட்டு சொன்ன சொல், அவளுடைய அப்பாவின் வாய் வழியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவின் காதில் வந்து விழுந்தது.

பொட்டுக்கு ஏழு வயது. சின்னத் தம்பியின் ஒரே மகள். பிறந்தபோது ஒரு கைக்குள் அடங்கிவிடுகிற அளவில் இருந்ததால் வந்த பெயர். சின்னவன் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"நேத்துலேர்ந்து தனியா படுக்க மாட்டேங்கறாக்கா. என்னடான்னு கேட்டா, அத்தை பொய் சொல்லிட்டாங்க, அத்தை பொய் சொல்லிட்டாங்கன்னு அதையே சொல்லிட்டிருக்கா. குழந்தைதானே, விடு."

அக்கா விடவில்லை. அந்தக் குடும்பத்தில் குறைகளுக்குப் பஞ்சமில்லை. முன்கோபம் உண்டு. பிடிவாதம் உண்டு. கல்யாண வீட்டில் முறைத்துக்கொண்டு சாப்பிடாமல் வந்த சித்தப்பாக்கள் இரண்டு பேர் உண்டு. ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டு மாறினார்கள் என்று யாரும் விரல் நீட்டியதில்லை.

"என்ன பொய்யாம்?"

"பேய் வர்றதுக்கு முன்னாடி 'இப்ப'ன்னு சொல்றேன், கண்ணை மூடிக்கோன்னு சொன்னியாமே. நீ சொன்னப்பல்லாம் மூடிக்கிட்டாளாம். ஆனா பேய் அதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிடுச்சாம்."

"அது எப்படி? மூணு செகண்ட் முன்னாடி சொன்னேன். நாலு தடவையும் சொன்னேன்."

மறுமுனையில் சின்னவன், "குழந்தைக்கா. ஏதோ உளர்றா" என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "அதான்... கொஞ்ச நாளைக்கு இந்தச் சனிக்கிழமைப் படத்தை நிறுத்திக்கலாமான்னு அவ கேக்கறா. ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகணும், ராத்திரி பூரா பொட்டு எழுந்து உக்காந்திருந்தா அவளுக்கும் தூக்கம் போயிடுது."

அவ என்றது அவன் மனைவியை. நர்ஸ். வீண்வார்த்தை பேசாத பெண். அவளே கேட்கிறாள் என்றால் அது முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

"எனக்கு ஒரே ஒரு சனிக்கிழமை குடு" என்றாள் அக்கா. "அடுத்த படத்துக்குப் பொட்டு முழுசா உக்காரலைன்னா நிறுத்திக்கலாம். நானே நிறுத்திடறேன்."

போனை வைத்த பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த படத்துக்குப் பதிமூன்று நாள் இருந்தது.

அந்தப் படம் பார்க்கும் ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. மூன்று ஊர்களில் மூன்று வீடு. அக்கா ஒரு வீடு. பெரியவன், அவன் மனைவி, பதினைந்து வயது மகள் ஒரு வீடு. சின்னவன், அவன் மனைவி, பொட்டு ஒரு வீடு. படம் ஒன்றுதான். அவரவர் டிவியில் அதைத் தயாராக வைத்துக்கொள்வார்கள். போனில் எல்லோரும் ஒரே அழைப்பில் இருப்பார்கள். அக்கா "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவாள். மூணு என்றதும் மூன்று வீட்டிலும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்க வேண்டும்.

படம் ஓடும்போது எல்லோரும் மைக்கை அணைத்துவிட வேண்டும் என்பது அக்கா போட்ட விதி. பெரியவன் வீட்டில் படத்தின் நடுவே மிக்ஸி ஓடும், சின்னவனுக்கு வேலையிடத்திலிருந்து வேறு போன் வரும். அக்காவின் மைக் மட்டும் திறந்திருக்கும். இடைவேளை விடுவதும், மறுபடி எண்ணித் தொடங்குவதும், போன படத்திலிருந்து பொட்டுக்கு "இப்ப" சொல்வதும் அவள் பொறுப்பு. ஆகவே இரண்டு மணி நேரமும் அவள் குரல் அங்கே போகும், அங்கிருந்து ஒன்றும் வராது. ஒரு டம்ளரில் சாய்த்து வைத்த போனின் திரையில் இரண்டு பச்சைப் புள்ளிகள் எரிந்துகொண்டிருக்கும். அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அக்கா நம்பிக்கொள்வாள்.

அவளுடைய வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. நாற்காலி இரண்டு. ஒன்றில் அவள் உட்காருவாள், மற்றதில் பழைய செய்தித்தாள்கள் உட்கார்ந்திருக்கும். வாரத்தில் பெரும்பாலான நாட்களில் அவள் குரலுக்கு வேலை கிடையாது. காலையில் எழுந்ததும் தொண்டையைச் செருமி, "ம்... சரி" என்று ஒரு தரம் சொல்லிப் பார்ப்பாள், குரல் இருக்கிறதா என்று. இருக்கும்.

முப்பத்தொரு வருடம் ஆலையின் டைம் ஆபீஸில் இருந்தவள் அவள். வாசலை ஒட்டிய சின்ன அறை, கம்பி போட்ட ஜன்னல், உள்ளே பெரிய கடிகாரம். தொழிலாளிகள் அட்டையைக் கடிகாரத்துக்குள் செருகி நேரத்தைப் பதித்துக்கொண்டு போவார்கள். ஏழு மணிக்கு வேலை, ஏழேகால் வரை விட்டுக்கொடுப்பு. ஏழே பதினாறுக்கு வந்தவன் பெயர் சிவப்பு மையில் தாமதப் பதிவேட்டில் ஏறும். சைக்கிள் பஞ்சர், மனைவிக்குக் காய்ச்சல், மழை என்று ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்லாத கதை கிடையாது. அக்கா கடைசி வரை பொறுமையாகக் கேட்பாள். கேட்டுக்கொண்டே எழுதிவிடுவாள். அவள் காதில் விழாத தூரத்தில் அவளுக்கு 'ஏழேகால்' என்று பெயர்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அவளுடைய அப்பாவே இரண்டு நிமிடம் தாமதமாக வந்து ஜன்னலுக்கு முன்னால் நின்றார். அவரும் அதே ஆலையில் தறிப் பிரிவு மேஸ்திரி. அவர் ஒரு கதையும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை, சிவப்பு மையில் எழுதினாள். அன்று வீட்டில் அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவர்தான், "சரியாத்தான் எழுதியிருக்க" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை. தம்பிகள் இரண்டு பேரும் அப்போது பள்ளிக்கூடப் பையன்கள். சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு உட்கார்ந்த பயம், தலை நரைத்த பிறகும் பெரியவனுக்குப் போகவில்லை.

அப்பேர்ப்பட்டவளைத்தான் ஒரு குழந்தை பொய் சொன்னாள் என்று சொல்லிவிட்டது.

படத்தைத் தேர்ந்தெடுப்பதும் அக்காவின் வேலைதான். அது இரண்டு பக்கமும் இழுக்கிற கயிறு. பெரியவன் மகளை வீட்டில் மகாராணி என்பார்கள். பேய் இல்லாத படம் என்றால் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாள். பேய் கொஞ்சம் பெரியதாக இருந்தால் பொட்டு போய்விடுவாள். இந்த இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்கிற அளவான பேய் வேண்டும்.

அதற்காக அக்கா ஒரு நீளமான நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தாள். மேலே 'பேய் வருகைப் பதிவேடு' என்று எழுதியிருந்தது. வரிசை எண், வருகை நேரம், வெளியேறிய நேரம், முகம் தெரிந்ததா, சத்தம் போட்டதா, குறிப்பு என்று ஆறு கட்டம். அவளுக்கு மூன்று விதிகள் இருந்தன. ரத்தம் கூடாது. பேயின் முகம் ஒரே மூச்சில் மூன்று செகண்டுக்கு மேல் தெரியக் கூடாது. கடைசியில் பேய் மரியாதையாகப் போய்விட வேண்டும்.

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்துவிட்டு, வெயில் முழுசாகத் தரையில் கிடக்கும்போது அவள் முதல் படத்தைப் போட்டாள். தனியாகப் பார்க்கிறபோது வெளிச்சம் இருந்தால் நல்லது என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. கண் இல்லாத ஒரு பொம்மை. ஏழாவது நிமிடத்திலேயே படிக்கட்டில் ரத்தம். அணைத்துவிட்டு, 'தகுதி இல்லை' என்று எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை ஓர் ஓட்டலில் குடியிருக்கும் பேய்க் குடும்பம். சிரிப்புப் படம். பேய்கள் நல்ல மாதிரி, நேரத்துக்கு வந்தன, நேரத்துக்குப் போயின. ஆனால் அந்த ஓட்டலில் தங்க வந்த இளைஞனும் பெண்ணும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அக்காவும் தம்பியும் அப்பனும் மகளும் சேர்ந்து பார்க்கிற படம். குறிப்புக் கட்டத்தில், 'பேய்கள் ஒழுங்கு. மனிதர்கள் ஒழுங்கில்லை' என்று எழுதிப் படத்தைத் தள்ளிவைத்தாள்.

புதன்கிழமைப் படத்தில் எல்லாம் சரியாக இருந்தது. மாடி அறையில் ஒரு பேய். கல்யாணம் ஆகாமல் அந்த வீட்டிலேயே இருந்து செத்துப்போன அத்தை. யாரையும் ஒன்றும் செய்யவில்லை. கீழே சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் படிக்கட்டில் வந்து நிற்கும், பேச்சு நின்றதும் திரும்பிப் போகும். ரத்தம் இல்லை. முகம் சரியாகத் தெரியவில்லை. கடைசியில் மரியாதையாகப் போய்விட்டது. மூன்று விதிக்கும் பொருந்திய படம். அக்கா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்ச் சமையலறைக் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தாள். அது சொட்டவில்லை. பிறகு 'தகுதி இல்லை' என்று எழுதினாள். குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை அவள் தேடியது கிடைத்தது. ஒரு பழைய இசைப் பள்ளி. இரவில் கதவுகள் தானாகச் சாத்திக்கொள்கின்றன. பிள்ளைகள் பயந்து ஓடுகிறார்கள். கடைசியில் பார்த்தால், முன்பு அங்கே காவலுக்கு இருந்தவரின் பேய். பிள்ளைகளுக்குக் குளிர் அடிக்கக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டே போகிறது. மொத்தம் மூன்று வருகை. 'தகுதி உண்டு' என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

அன்று மாலையே மகாராணிக்குப் போன் செய்தாள்.

"பேய் இருக்கா அத்தை? இல்ல போன தடவை மாதிரி கூலிக்கு வந்த பேயா?"

"மூணு தடவை வருது. ரெண்டாவது தடவை நல்லாவே வருது."

"பொட்டு உக்காருவாளா?"

"உக்காரணும். போன தடவை எங்க தப்பு நடந்ததுன்னுதான் புரியலை. நான் நேரத்துக்குத்தான் சொன்னேன். அந்தப் படத்தைத் திரும்பப் போட்டும் பார்த்துட்டேன்."

மகாராணி ஒன்றும் சொல்லவில்லை. பேச்சுக்கு நடுவில் நிறுத்தத் தெரியாத பெண் அவள். அக்காவுக்குச் சின்னவன் அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் செருமியது ஞாபகம் வந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"ஆலை வாசல்ல முப்பத்தொரு வருஷம் உக்காந்தவ நான். ஒண்ணுமில்லைன்னு சொல்றவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். சொல்லு."

"அப்பா கொன்னுடுவாரு அத்தை."

"அவனை நான் பார்த்துக்கறேன்."

மகாராணி மூச்சை இழுத்து விட்டாள். "நீங்க லேட்டு அத்தை. நாற்பது செகண்ட். சில நாள் அதுக்கு மேலயும் இருக்கும்."

"யாரு?"

"நீங்கதான். நீங்க மூணுன்னு சொன்னதும் எங்க வீட்டுல உடனே படம் வந்துடும். உங்க வீட்டுல வர நேரமாகும்போல."

வட்டம். படம் தொடங்கும் முன் டிவியின் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் சுற்றும். படத்தின் நடுவிலும் சில தரம் சுற்றும். அது எல்லார் வீட்டிலும் சுற்றுகிறது என்றுதான் அக்கா நினைத்திருந்தாள். எல்லோரும் சேர்ந்து காத்திருக்கிறோம் என்றே நினைத்திருந்தாள்.

"உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா.

"உங்க மைக் திறந்துதானே இருக்கு. ஒரு வசனம் எங்க டிவில ஒரு தடவை கேக்கும், அப்புறம் போன்ல இன்னொரு தடவை கேக்கும். அதான் அப்பா படம் ஆரம்பிச்சதும் போன் சத்தத்தைக் குறைச்சு வெச்சுடுவாரு. இடைவேளைக்கு மட்டும் கூட்டுவாரு."

"எப்பலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்து. நான் சொல்லலாம்னுதான் சொன்னேன். அக்காவைப் பார்த்து லேட்டுன்னு சொல்ல எவனுக்குடி வாய் வரும்னு அப்பா கேட்டாரு. சித்தப்பாவும் வேணாம்னுட்டாரு."

ஒன்றரை வருடம். அத்தனை சனிக்கிழமையும் அவள் 'இடைவேளை, அஞ்சு நிமிஷம்' என்று அறிவித்தபோது, "சரிக்கா" என்று ஒரே குரலாக வந்த பதில் அவள் காதில் கேட்டது. அதற்குள் ஒரு மாதிரியான அவசரம் இருந்ததும் இப்போது கேட்டது. ஜன்னலுக்கு வெளியே நின்று கதை சொன்ன எத்தனையோ பேரைக் கண்டுபிடித்தவள், சொந்தத் தம்பிகளைக் கண்டுபிடிக்கவில்லை.

"இப்பவே அந்தப் படத்தைப் போடு. மூணு எண்ணறேன். உன் வீட்டுல நடக்கறதை வாயால சொல்லிட்டே வா" என்றாள்.

கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டாள். எண்ணினாள். வட்டம் சுற்றியது. "இசைப் பள்ளி வாசல்... மழை பெய்யுது... ஒரு பொண்ணு குடையை மடக்கறா" என்று மகாராணி சொல்லிக்கொண்டே போனாள். அக்காவின் டிவியில் வாசல் வந்தது, மழை வந்தது. குடையை மடக்கியபோது கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு செகண்ட்.

"சரி. வெச்சுடு" என்றாள்.

"கோவமா அத்தை?"

"நீ சரியாத்தான் சொல்லியிருக்க."

அடுத்த மூன்று நாளும் அவள் அந்தப் படத்தை மறுபடி மறுபடி போட்டாள். வட்டம் சுற்றிய நேரத்தையெல்லாம் கழித்து, தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு வருகையும் எத்தனை நிமிடம், எத்தனை செகண்ட் என்று எழுதினாள். ஒரு கணக்குக்கு மூன்று தரம் சரிபார்த்தாள். வெள்ளிக்கிழமை பார்க்கும்போது இசைப் பள்ளிக் காவல்காரர் மேல் அவளுக்கு ஒரு பயமும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டே போகும் அவருடைய முதுகைப் பார்த்து, "இன்னும் ஒரு கதவு இருக்கு" என்று கூடச் சொன்னாள். சொன்ன பிறகு, அந்த அறையில் தன் குரல் எவ்வளவு பெரியதாக இருக்கிறது என்று பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஐந்தாக இரண்டு நிமிடம் இருக்கும்போது பச்சைப் புள்ளிகள் எரிந்தன.

"எல்லாரும் இருக்கீங்களா? பொட்டு இருக்காளா?"

"இருக்காக்கா. ஆனா உள் அறையில இருக்கா" என்றான் சின்னவன். "வர மாட்டேங்கறா."

"போனைக் கொண்டுபோய் அவ பக்கத்துல வை. ஸ்பீக்கர்லயே இருக்கட்டும். பெரியவனும் கேக்கட்டும்."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. போர்வை அசைகிற சத்தம் கேட்டது.

"பொட்டு, அத்தை பேசறேன்."

அக்கா போனுக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டாள்.

"போன தடவை நீ சொன்னது சரி. நான் சொன்னதுதான் தப்பு. உங்க வீட்டு டிவில படம் முன்னாடி வந்துடுது, எங்க வீட்டுல பின்னாடி வருது. நான் என் டிவியைப் பார்த்துச் சொன்னேன். அதுக்குள்ள உன் பேய் வந்துட்டுப் போயிடுச்சு. நான் நாற்பது செகண்ட் லேட்டு."

"அக்கா, அதெல்லாம் ஒரு பெரிய விஷயமா..." என்று பெரியவன் தொடங்கினான்.

"நீ சும்மா இரு. அப்பா ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தப்ப நான் எழுதினேனா இல்லையா?"

"எழுதினே."

"அவர் வாசல்ல நின்னு ஒரு சாக்கு சொன்னாரா?"

"இல்ல."

"அப்புறம் என் லேட்டை மட்டும் ஏன் ரெண்டு பேரும் ஒன்றரை வருஷமா மூடி வெச்சீங்க? மரியாதைன்னு நெனச்சீங்களா? ஒரு குழந்தை நிஜத்தைச் சொல்லுது, அதை உளர்றான்னுட்டீங்க. அதான் தப்பு. என்னை லேட்டுன்னு சொல்லியிருந்தா எனக்கு ஒரு நாள் வலிச்சிருக்கும். அவ்வளவுதான்."

 பெரியவன், அன்று சுவரோரம் நின்ற அந்தப் பையனுடைய குரலில், "சரிக்கா" என்றான். இந்த முறை அதில் அவசரம் இல்லை.

"அத்தை" என்றது சின்னக் குரல்.

"சொல்லும்மா."

"இன்னிக்கும் லேட்டா சொல்லுவீங்களா?"

"இல்ல. இன்னிக்கு டிவியைப் பார்த்துச் சொல்லப் போறதில்ல. கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லப் போறேன். பேய் மூணு தடவை வரும். மூணு தடவையும் 'இப்ப'ன்னு சொல்லுவேன். ஒரு தடவை தப்பினாலும் நீ எழுந்து போயிடலாம். அப்புறம் யாரும் உன்னைக் கூப்பிட மாட்டோம்."

அங்கே யோசனை நடந்தது. அக்கா காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் புதிது இல்லை என்றாலும், அன்று கைக்கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள்.

"போர்வையை எடுத்துட்டு வரலாமா?"

"வரலாம்."

"பொட்டு வீட்டு மைக் மட்டும் திறந்திருக்கட்டும்" என்றாள் அக்கா, சின்னவனிடம். ஒரு விதியை அவளே தளர்த்தியது அந்தக் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை.

எண்ணினாள். மூணு என்றதும் கைக்கடிகாரத்தின் பக்கவாட்டுப் பொத்தானையும் அமுக்கினாள். போனிலிருந்து உடனே மழைச் சத்தம் கேட்டது. அவளுடைய டிவியில் வட்டம் சுற்றியது.

பிறகு அவள் வீட்டிலும் மழை வந்தது. போனில் அந்தப் பெண் பள்ளிக்குள் போய் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். டிவியில் அவள் இன்னும் வாசலில் நின்று குடையை மடக்கவில்லை. காது ஒரு இடத்திலும் கண் ஒரு இடத்திலுமாக அக்காவுக்குத் தலை சுற்றியது. கடிகார முள்ளைப் பார்க்க வேண்டிய கண் டிவிக்கு ஓடியது. ஐந்தாவது நிமிடத்தில் எழுந்து டிவியை அணைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு முன்னால் கறுப்புத் திரை மட்டும்தான். மடியில் பதிவேடு, கையில் கடிகாரம். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை நிறுத்திவிட்டுப் பூட்டுகிற சத்தம். போனில் தொலைவாக இசை, ஒரு ஸ்பூன் கிண்ணத்தில் இடிக்கிற சத்தம், பொட்டு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஒன்றரை வருடத்தில் அந்தப் பக்கத்துச் சத்தம் அவளுக்குக் கேட்பது இதுதான் முதல் தடவை. அந்த மூக்கு உறிஞ்சலை அவள் படத்தைவிடக் கவனமாகக் கேட்டாள்.

இருபத்தோராவது நிமிடம், பதினாறாவது செகண்ட். "பொட்டு, இப்ப."

போர்வை சட்டென்று இழுபடுகிற சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. கதவு அறைந்து சாத்திக்கொண்டது. சின்னவன் மனைவி, "அம்மாடி" என்று மெதுவாகச் சொன்னாள். "போயிடுச்சு. திறக்கலாம்" என்றாள் அக்கா.

இடைவேளைக்குக் கடிகாரத்தை நிறுத்தியபோது மகாராணி மைக்கைத் திறந்தாள். "அத்தை, இன்னிக்கு உங்க டிவி சத்தமே வரலையே. கேக்குதா உங்களுக்கு?"

"எனக்குக் கேக்க வேண்டியது கேக்குது" என்றாள் அக்கா.

இரண்டாவது வருகைக்கும் நேரம் தப்பவில்லை. அந்தத் தடவை போர்வைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது, பயமும் சிரிப்பும் கலந்த மாதிரி. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. எழுந்து விளக்கைப் போட்டால் முள்ளிலிருந்து கண் விலகும் என்று அக்கா கடிகாரத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அணைந்த டிவியில் அவளுடைய உருவம் தெரிந்தது. குனிந்த தலை, பக்கத்தில் செய்தித்தாள்கள் உட்கார்ந்த நாற்காலி. அவள் அதைப் பார்க்காமல் இருந்தாள்.

ஒரு மணி முப்பத்தேழு நிமிடம், ஐந்து செகண்ட். "பொட்டு, இப்ப."

போர்வைச் சத்தம் வரவில்லை.

"பொட்டு, இப்ப. கண்ணை மூடிக்கோ."

ஒன்று, இரண்டு, மூன்று. காவல்காரர் கடைசிக் கதவைச் சாத்துகிற சத்தம் போனில் கேட்டது. அக்கா போனை எடுத்துக் காதோடு சேர்த்துப் பிடித்தாள். எழுந்து போய்விட்டாளா? கணக்கு எங்கேயாவது பிசகிவிட்டதா? முன்பு ஆலையில் சங்கு ஊதாமல் போன ஒரே ஒரு காலையில்தான் அவளுக்கு இப்படி இருந்தது.

"அத்தை" என்று குரல் வந்தது. "நான் கண்ணை மூடல."

"ஏம்மா?"

"நீங்க சரியா சொல்றீங்களான்னு பார்த்தேன்."

"சொன்னேனா?"

"சரியா சொன்னீங்க. மூணு எண்ணினேன். அப்புறம் அந்தத் தாத்தா வந்தாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரு பாவம்" என்றது அந்தக் குரல். "கதவைச் சாத்த அவருக்கு யாருமே உதவி பண்ணல."

படம் முடிந்தது. எல்லோரும் மைக்கைத் திறந்தார்கள். ஆறு குரலும் ஒரே நேரத்தில் வந்ததில் ஒன்றும் புரியவில்லை. மகாராணி, "பேய் பரவாயில்ல அத்தை, கூலிக்கு வந்த பேய் இல்ல" என்றாள். பெரியவன், கடைசிக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எதுவோ கேட்டான், அக்கா பதில் சொன்னாள். பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆன படம். அவள் இன்று அதைப் பார்க்கவே இல்லை என்பது யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"அடுத்த படம் எப்போ?" என்றாள் சின்னவன் மனைவி. கேட்டது அவள்தான்.

"ரெண்டு வாரம் கழிச்சு. அஞ்சு மணி" என்றாள் அக்கா.

"வெக்கறோம்கா." "வெக்கறேன் அத்தை." ஒரு புள்ளி அணைந்தது. மற்றதும் அணைந்தது. டம்ளரில் சாய்ந்திருந்த போனின் திரை கொஞ்ச நேரம் வெளிச்சமாக இருந்துவிட்டுத் தானாகவே கறுத்தது.

அக்கா விளக்கைப் போட்டாள். பதிவேட்டில் மூன்று வருகைக்கும் எதிரே 'சரி' என்று குறித்தாள். பிறகு அலமாரியில் எங்கேயோ கிடந்த சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, அடுத்த பக்கத்தில் தன்னைப் பற்றி எழுதினாள். தாமதம், நாற்பது செகண்ட், ஒன்றரை வருடம். காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. கீழே கையெழுத்துப் போட்டாள்.

பெரியவன் என்னவோ கேட்டானே, கடைசிக் கதவு. அதைப் பொட்டு எப்படிப் பார்த்திருப்பாள் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. டிவியைப் போட்டு, நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். திரையின் நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கியது. அவள் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது வரட்டும் என்று காத்திருந்தாள்.